பணியாளா, மாணவியா?
செவிலியர் கல்வி வளர்ந்த கதை

மருத்துவமனையில் நோயாளியின் நாடித் துடிப்பை எண்ணி, உடல் வெப்பத்தைக் குறித்து, மாறுதல் கண்டால் உடனே மருத்துவருக்குத் தெரிவிப்பவர் செவிலியர். இந்த அறிவு அவருக்கு எப்படி வந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

கிரிமியப் போரில் தொண்டாற்றிய ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரால் பொதுமக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு, 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பயின்ற லூசி ஆஸ்பர்ன், 1868-இல் ஐந்து செவிலியருடன் சிட்னி சென்றார். அமெரிக்காவின் லிண்டா ரிச்சர்ட்ஸ் 1877-இல் இங்கிலாந்துக்குச் சென்று அம்முறையைக் கற்றுத் திரும்பினார்.

பள்ளிகள் பெருகின, கூடவே ஒரு குறையும் வளர்ந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்குத் தனி வருவாய் இல்லை. மருத்துவமனையே அவற்றை நடத்தியது. மாணவிகளின் உழைப்பே அதற்குக் கிடைத்த ஊதியம். வகுப்பும் வார்டு வேலையும் ஒரே நேரத்தில் வந்தால் எது நின்றுபோகும்? வகுப்புதான்! அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் உதவியுடன் நடந்த ஆய்வு, 1923-இல் இந்நிலையை வெளிப்படுத்தியது. அதை எழுதியவர் ஜோசஃபின் கோல்டுமார்க்.

பள்ளிக்குத் தனி நிதி இருந்தால், மாணவி எந்த வார்டில் எத்தனை வாரம் பயில வேண்டும் என்பதைப் பள்ளியே முடிவு செய்யலாம். இதைச் சோதிக்க 1923-இல் யேல் பல்கலைக் கழகத்தில் ஒரு செவிலியர் பள்ளி தோன்றியது. சோதனை வெற்றி பெறவே, 1929-இல் அந்நிறுவனம் 10 லட்சம் டாலர் நிலைநிதி வழங்கியது. 1933-இல் கனடாவின் டொரான்டோவிலும் இத்தகைய பள்ளி எழுந்தது. பல நாட்டுச் செவிலியர் உதவித்தொகை பெற்று அங்கே பயின்றனர்.

நம் வேலூரையும் பாருங்கள். 1899-இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற ஐடா ஸ்கடர், நியூயார்க் வங்கியாளர் ஒருவர் அளித்த 10,000 டாலருடன் இங்கே வந்தார். 1902-இல் மருத்துவமனை எழுந்தது. 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1946-இல் வேலூரிலும் டில்லியிலும் செவிலியர் பட்டப் படிப்பு மலர்ந்தது.

வெளிநாட்டில் கற்றதை அப்படியே இங்கு நட்டுவிட முடியாது. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் நிறைந்த நகர மருத்துவமனையின் பாடம், கிணற்று நீரைக் காய்ச்சிக் கருவிகளைத் தூய்மை செய்யும் சிற்றூருக்குப் போதாது. கற்று வந்தவர்கள்தாம் அதை மண்ணுக்கேற்ப மாற்ற வேண்டும். பணம் பள்ளியைத் தரும். பாடத்தை நாமே எழுத வேண்டும்.

அடுத்த முறை வார்டில் ஒரு பயிற்சி மாணவியைக் கண்டால், ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: அவர் அங்கே வேலை செய்ய மட்டும் வரவில்லை, கற்கவும் வந்திருக்கிறார்.