பாலைவனத்துக் கழுகுகளும் படக்கருவியும்

பாலைவனம் என்றதும் மணலும் ஒட்டகமுமே நம் நினைவிற்கு வரும். ஆனால் இந்தியாவின் வடமேற்கிலுள்ள தார்ப் பாலைவனத்திற்குக் குளிர்காலத்தில் கழுகுகளைக் காண்பதற்கென்றே பலர் படக்கருவியுடன் செல்கின்றனர். அவர்கள் நாடும் இடம் பீக்கானேர் நகருக்கு அருகிலுள்ள ஜோர்பீர். அஃது அழகிய இடமன்று. இறந்த மாடுகளையும் ஒட்டகங்களையும் கொண்டுவந்து போடும் வெட்டவெளி. நாற்றம் மிகுதி; எங்கும் எலும்புகள். ஆயினும் கழுகுகள் கூட்டங்கூட்டமாக வருவது அங்கேதான்.

அவற்றுள் மிகுதியானவை புல்வெளிக் கழுகுகள். மங்கோலியா, கசகஸ்தான் முதலிய நாடுகளின் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு அஞ்சித் தெற்கே வருபவை. வாயோரத்து மஞ்சள் கோடு கண்ணின் பின்பக்கம் வரை நீண்டிருப்பது அவற்றின் அடையாளம். சிறகை விரித்தால் எட்டு முதல் பத்து அடி வரை அகலமுள்ள கரும்பாறும் வரும். பாறு என்பது பிணந்தின்னிக் கழுகின் பழந்தமிழ்ப் பெயர். மஞ்சள் முகமும் வெண்ணிற உடலும் கொண்ட பாறும் அங்குண்டு. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் வந்து அமுதுண்ட இரு கழுகுகளைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம் அல்லவா? அவை இவ்வினமே. இப்பொழுது அவை அங்கு வருவதில்லை.

கழுகைப் படமெடுக்க ஏற்ற நேரம் காலையே. கனத்த உடலைச் சிறகடித்தே தூக்கிச் செல்வது கழுகிற்குப் பெரும்பாடு. ஆகவே வெயிலேறி, தரையிலிருந்து வெப்பக் காற்று மேலெழும் வரை அது வன்னி மரத்திலோ மணல்மேட்டிலோ அமர்ந்திருக்கும். பின்னர் அக்காற்றில் வட்டமிட்டு உயரும். (மார்ச்சு மாதத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவானுக்கு வரும் பருந்துகளும் இவ்வாறே வட்டமிட்டு உயர்கின்றன.) நண்பகலில் படமெடுத்தால் பயனில்லை, மணலிலிருந்தெழும் கானல் படத்தை மங்கச் செய்துவிடும். காரைவிட்டு இறங்காதிருப்பது நன்று. காரைக் கண்டு அஞ்சாத கழுகு, நடந்துவரும் மனிதனைக் கண்டதும் பறந்துவிடும். உண்ணும் பறவையை ஓட்டிவிட்டு எடுத்த படத்தை நாம் நல்ல படமென்று கொள்ளோம்.

ஜோர்பீரில் கிடக்கும் இறைச்சி எத்தகையது என்பதே கழுகுகளின் உயிரைத் தீர்மானிக்கின்றது. மாடு வளர்த்த பெற்றோர் அறிவர்: மாடு நொண்டினால் வலிபோக்க ஊசி போடுவதுண்டு. டைக்குளோபினாக் என்னும் மருந்து ஏற்றப்பட்ட மாடு விரைவில் இறந்துவிட்டால், அதைத் தின்னும் பாறின் சிறுநீரகம் கெட்டுச் சில நாள்களில் அதுவும் மடிந்துவிடும். பாகிஸ்தானில் செய்த ஆய்வினால் 2004இல் இவ்வுண்மை வெளிப்பட்டது. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துவிட்டன. பாறு குறைந்ததால் பிணங்கள் அழுகிக் கிடந்தன, தெருநாய்களும் பெருகின. பீக்கானேர்ப் பகுதியில் இறந்து கிடந்த இரு புல்வெளிக் கழுகுகளின் உடலிலும் அம்மருந்தே காணப்பட்டது.

கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பதை இந்தியா 2006இல் தடை செய்தது. பாறுகளுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகாம் என்னும் மருந்து இருக்கின்றது. எனினும் மனிதர்களுக்கென விற்ற பெரிய டைக்குளோபினாக் குப்பிகளை வாங்கிச் சிலர் மாட்டிற்கே ஏற்றினர். ஆதலால் அக்குப்பியின் அளவை மூன்று மில்லிலிட்டராகக் குறைக்க 2015இல் ஆணையிடப்பட்டது. பாறுகளைக் கொல்லும் வேறிரு மருந்துகளான கீட்டோபுரோபெனும் அசிக்குளோபினாக்கும் 2023இல் தடை செய்யப்பட்டன.