குதிரைக்குப் புதுக் கால்!

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா கம்பெனி ஒரு குட்டிக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் எம்.எக்ஸ்.-5 மியாட்டா. 1,600 சி.சி. எஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் குறைவு, கூரையை மடக்கிக்கொள்ளலாம். இரண்டே ஸீட். (மாமியாரை ஏற்றிக்கொள்ள முடியாது என்பது கம்பெனி விளம்பரப்படுத்தாத வசதி!) குதிரையும் வீரனும் ஓருடல் என்று பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்பதுதான் இதற்கு மாஸ்டா சொன்ன தாரக மந்திரம்.

1997 வரை வந்த அந்த முதல் தலைமுறைக் குதிரைகளுக்கு இப்போது வயசு முப்பதுக்கு முன்னே பின்னே. பெயின்ட் பளபளக்கும். ஓட்டிப் பாருங்கள்... மேடு ஏறி இறங்கினால் ஊஞ்சல். பிரேக் அடித்தால் மூக்கு தரையை மோந்து பார்க்கும்.

காரணம், ஷாக் அப்சர்பர். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குகிறவர் இவர். உள்ளே எண்ணெயில் ஒரு பிஸ்டன். சின்னச் சின்ன ஓட்டைகள் வழியே எண்ணெய் பிதுங்கிப் போகிற சிரமத்தில், ஆட்டத்தின் சக்தி சூடாகிக் கரைந்துவிடும். ஸீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால் சக்கரம் குதிக்கும். ரோட்டை விட்டு எழும்பின சக்கரத்துக்கு பிரேக்காவது, ஸ்டீயரிங்காவது! பிரேக் போட்டும் வண்டி நிற்காமல் இன்னும் கொஞ்ச தூரம் போகும். அந்தக் கொஞ்ச தூரத்தில் யார் நிற்கிறார்களோ!

சரி, மாற்றுவோம். எதை?

இளவட்டங்கள் முதலில் செய்கிற காரியம், குட்டை ஸ்பிரிங் வாங்கி வண்டியைத் தரையோடு தரையாக இறக்குவது. போட்டோவுக்கு அழகுதான். ஆனால் மியாட்டாவில் சக்கரம் மேலும் கீழும் போய்வர இடமே கொஞ்சம். அதையும் பறித்துக்கொண்டால் சின்னப் பள்ளத்துக்கே தடுப்புக் கட்டையில் போய் 'ணங்'கென்று முட்டும். வளைவில் முட்டினால் பிடிப்பு சட்டென்று விட்டுப்போகும். இடுப்பு சமாசாரம் தனி!

உயரத்தைத் திருகி மாற்றுகிற காயில் ஓவர் செட்டும் உண்டு. நல்லது வேண்டுமென்றால் விலை அப்படி. மலிவானது பல்லை ஆட்டிவிடும். ரேஸ் டிராக் போகாதவருக்கு எதற்கு அந்த வம்பு?

தினமும் ஓட்டுகிறவருக்கு என் ஓட்டு, கம்பெனி ஸ்பிரிங்கே இருக்கட்டும், ஷாக் மட்டும் உயர்தரமாக. பில்ஸ்டீன் என்றால் வாயு அழுத்தம் கொண்ட ஒற்றைக் குழாய். மாட்டிவிட்டு மறந்துவிடலாம். மஞ்சள் கலர் கோனியில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஸ்பிரிங் நிமிர்கிறபோது இருக்கிற இறுக்கத்தை மட்டும்தான். நோண்டிக்கொண்டே இருக்கிற ஆசாமிகளுக்கு அது சொர்க்கம்.

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. கைகளின் மூட்டுகளில் இருக்கிற ரப்பர் புஷ்! முப்பது வருஷத்தில் கல்லாகியோ வெடித்தோ போயிருக்கும். அதை விட்டுவிட்டு ஷாக் மட்டும் மாற்றினால் பாதிக் காசு தண்டம். புது புஷ்ஷின் போல்ட்டை, வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போது முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.

ஸ்பிரிங்கை நீங்களே கழற்றப் போகாதீர்கள். அமுக்கி வைத்திருக்கிற ஸ்பிரிங் நழுவினால் குண்டுதான்!

கடைசியாக வீல் அலைன்மென்ட். லேசான வண்டி என்பதால், தீவிர ரசிகர்கள் டிரைவர் ஸீட்டில் தங்கள் எடைக்குச் சமமாக மூட்டை வைத்து அளக்கச் சொல்வார்கள். மெக்கானிக் எடை கேட்டால் கல்யாணத்தின்போது இருந்த எடையைச் சொல்லாதீர்கள், சார்.