பீட்டில் காரில் ஆயில் சூட்டை அளப்பது எப்படி?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் ரேடியேட்டர் கிடையாது. பின்புறம் இருக்கும் நான்கு சிலிண்டர் இன்ஜினைக் குளிர்விப்பவை இரண்டுதான்: ஃபேன் வீசும் காற்று, உள்ளே ஓடும் ஆயில். அந்த 2.5 லிட்டர் ஆயில் பேரிங்குகள் தேயாமல் காப்பதோடு, சூட்டையும் சுமந்துகொண்டு ஆயில் கூலருக்குப் போகிறது. ஆனால் ஆயில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டும் மீட்டர் சாதாரண மாடல்களில் இல்லை. பிரஷர் குறைந்தால் எரியும் விளக்கு மட்டும் உண்டு. அது எரியும்போது சேதம் தொடங்கியிருக்கலாம். முன்கூட்டியே எச்சரிக்கை வேண்டுமென்றால் டெம்பரேச்சர் மீட்டரைத் தனியாகப் பொருத்த வேண்டும்.

ஓடிச் சூடேறிய இன்ஜினில் ஆயில் 80 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. எப்போதும் 80-க்குக் கீழேயே ஓடினால், ஆயிலில் கலந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிக் கசடாகும். 120-ஐத் தாண்டினால் ஆயில் இளகி, பேரிங்கில் இருக்க வேண்டிய படலம் மெலிகிறது, பிரஷரும் இறங்குகிறது. 130-ஐத் தொட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும்.

எங்கே அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். பம்ப், இன்ஜினின் அடியில் தேங்கிய ஆயிலை உறிஞ்சி முதலில் கூலருக்கும் பிறகு பேரிங்குகளுக்கும் அனுப்புகிறது. எனவே அடியில் அளந்தால் கூலருக்குப் போகுமுன் உள்ள சூடு தெரியும். கூலரைத் தாண்டிய இடத்தில் அளந்தால் எண் குறைவாக இருக்கும். அடித்தட்டில் பொருத்திய சென்சார் மீது சாலைக் காற்று படுவதால் அதுவும் சற்றுக் குறைத்தே காட்டலாம். டிப்ஸ்டிக்குக்குப் பதிலாகச் செருகும் சென்சாரைப் பொருத்துவது எளிது. ஆனால் ஆயில் மட்டம் இறங்கி அதன் நுனி வெளியே தெரிந்தால், அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

பெரும்பாலான சென்சார்களில், சூடு ஏற ஏற மின்தடை குறையும். மீட்டரும் சென்சாரும் ஒன்றுக்கொன்று பொருந்திய ஜோடியாக இருக்க வேண்டும். பழைய பீட்டில்களில் 6 வோல்ட், பிந்தியவற்றில் 12 வோல்ட் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒற்றை வயர் சென்சாருக்கு இன்ஜின் உடம்புதான் எர்த். மரையில் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் சரியாகக் கிடைக்காமல், முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். வயர் கழன்றாலும் முள் குளிர்ந்த பக்கமே நிற்கும். வயர் உரசி பாடியைத் தொட்டால் முள் உச்சிக்குத் தாவும்.

பொருத்துவதற்கு முன் சோதிப்பது சுலபம். சென்சாரை மீட்டரோடு இணைத்து, அதன் உடம்பிலிருந்து ஒரு வயரை எர்த்துக்குக் கொடுத்து, முனையை மட்டும் கொதிக்கும் நீரில் அமிழ்த்த வேண்டும். கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் முள் 100-ல் நிற்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, சாலையில் கூட்டியோ கழித்தோ படிக்கலாம்.

மேட்டில் ஏறும்போது முள் உயர்ந்தால் கீழ் கியருக்கு மாறி, ஆக்ஸிலரேட்டரை இலேசாக மிதிக்க வேண்டும். ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து சுழல்வதால் அப்போது காற்று அதிகம் வீசும். சார்ஜ் விளக்கு எரிந்தால் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்த வேண்டும். காரணமின்றிச் சூடு கூடிக்கொண்டே போனால் ஆயில் மட்டம், இக்னிஷன் டைமிங், கூலரில் அடைந்த தூசி, இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகள், ரப்பர் சீல் ஆகியவற்றை இந்த வரிசையில் பார்க்கலாம். சீல் கிழிந்திருந்தால் கீழிருந்து வரும் சூடான காற்றையே ஃபேன் மறுபடி இழுக்கும்.

ஒரே ஓட்டத்தில் கண்ட எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தன் காரில், தன் வழக்கமான சாலையில் முள் எங்கே நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து விலகும்போது காரணம் தேடுவதே இந்த மீட்டரின் சரியான பயன்.