உங்களுக்குத் தெரியுமா? சின்ன எரிச்சல், பெரிய கோபம்

கேரளத்தின் நெய்யாற்றின்கரைப் பகுதியில், கொடங்காவிளை என்ற இடத்தில் 2018 நவம்பர் 5 இரவு கார் நிறுத்தியது பற்றி ஒரு வாய்த்தகராறு. ஒரு பக்கம் போலீஸ் டிஎஸ்பி. மறுபக்கம் உள்ளூர் இளைஞர். டிஎஸ்பி பிடித்துத் தள்ளியதால் இளைஞர் சாலையில் போய் விழுந்தார், அந்த வழியே வந்த கார் மோதி இறந்தார் என்று கொலை வழக்குப் பதிவானது. நவம்பர் 13 அன்று, கைதாகும் முன்பே, அந்த அதிகாரியும் இறந்து கிடந்தார்.

இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது?

1970களில் உளவியலாளர் டால்ஃப் ஜில்மன் ஒரு விளக்கம் தந்தார். ஏறிய இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் உடனே இறங்குவதில்லை. காரணத்தை மனம் மறந்துவிடும். உடம்பின் படபடப்பு மிச்சமிருக்கும். அடுத்து வரும் அற்ப விஷயத்தின் தலையில் அதுவும் சேர்ந்து விழும். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தவர், சில்லறை கேட்கும் கண்டக்டரிடம் எரிந்து விழுவது இப்படித்தான். பாவம், கண்டக்டர்!

ஆனால் கோபம் ஆள் பார்த்தும் வரும். 1968இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பச்சை விளக்கு எரிந்தும் நகராமல் நின்றது புதுப் பகட்டுக் கார் என்றால், பின்னால் நின்றவர்களில் பாதிப் பேரே ஹாரன் அடித்தார்கள். பழைய காருக்கு 84 சதவீதம் பேர்!

இப்படிப் பொறுமையின்றி ஹாரன் அடிப்பதை அடக்க, மும்பை போக்குவரத்துப் போலீஸார் சில சிக்னல்களில் ஒலிமானி பொருத்திப் பார்த்தார்கள். 2020 ஜனவரியில் அதன் வீடியோ வெளியானது. ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டியபோதெல்லாம், சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலிலிருந்து ஓடியது.