ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றலாம்... பெட்டிக்குள் இயக்கலாமா?

பழுப்பு நிலக்கரியை எரித்து வெளி மாநிலங்களுக்கும் மின்சாரம் அனுப்பும் ஊர் நெய்வேலி. ஆனாலும், 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, சுற்றியிருந்த முந்திரி, பலா கிராமங்கள் பல நாள்கள் இருட்டில் கிடந்தன. தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும், செல்போனுக்கு சார்ஜ் போடவும் ஜெனரேட்டர்தான் கைகொடுத்தது.

அப்படிப்பட்ட சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைச் சரக்கு வண்டியிலேயே வைத்துக்கொள்வது வசதிதான். பலாப்பழ சீசனில் சாலையோரம் வண்டியை நிறுத்தி விற்பவர்களுக்கு இரவில் விளக்கும் மின்விசிறியும் தேவைப்படும். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து, மூடிய பெட்டிக்குள்ளேயே ஜெனரேட்டரை இயக்கத் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2024 டிசம்பரில், கேரள மாநிலம் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அந்த வண்டியில் சோதனை செய்தபோது, ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு, வண்டித் தளத்தில் இருந்த துளை வழியாக உள்ளே புகுந்தது தெரியவந்தது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்குபவர் விழிக்காமலே உயிர் போய்விடும். கிணற்றுக்குள் ஆயில் இன்ஜினை இறக்கி ஓட்டினால் என்ன ஆகும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். மூடிய வண்டியும் ஒரு கிணறுதான். கதவையோ ஜன்னலையோ திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

எனவே, வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள். இயக்கும்போது கீழே இறக்கிவிடுங்கள். படுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வண்டிக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். மழை என்றால், நாலு பக்கமும் திறந்த கூரை போதும். தார்ப்பாயால் போர்த்தக் கூடாது. இன்ஜின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள். திருட்டு பயத்துக்கு, சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

வண்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்த நினைத்தால், கையில் தூக்கும் ஜெனரேட்டர் அதற்கு ஏற்றதல்ல. காற்றால் குளிரும் இன்ஜின், பெட்டிக்குள் தன் சூட்டிலேயே வெந்துபோகும். பெட்ரோல் டேங்கும் அந்தச் சூட்டிலேயே இருக்கும். வண்டிகளுக்கென்றே தயாராகும் ஜெனரேட்டரை, ஆள் இருக்கும் பகுதியோடு சிறு துளைகூட இல்லாத தனி இரும்பு அறையில், புகைக்குழாய் வண்டியைத் தாண்டி வெளியே நீளும்படி, விஷயம் தெரிந்தவரைக் கொண்டு பொருத்த வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றும் முன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெறுவதும் அவசியம்.

ஜெனரேட்டர் ஓடும்போது தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி வந்தால், 'வெயில் அலுப்பு' என்று படுத்துவிடாதீர்கள். உடனே வெளிக்காற்றுக்கு வந்து, 108-ஐ அழையுங்கள். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால், முதலில் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, அவரை வெளியே இழுங்கள்.