ஆயுள் கூடியது, சுகம் கூடியதா?



சில மாதங்களுக்கு முன்னர் ஒரு லயத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பாட்டி. 40 வருஷத்துக்கு மேல் கொழுந்துக் கூடை சுமந்தவர். பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, ஐந்து வருஷமாகக் கட்டிலில் இருக்கிறார். மருந்துப் பையை எடுத்துக் காட்டிக்கொண்டே அவருடைய மகன் என்னிடம் கேட்டார்: "ஐயா, இந்த மருந்தெல்லாம் எங்கம்மாவை வாழ வைக்குதா, இல்ல சாக விடாம வச்சிருக்குதா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பாட்டியும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

மகன் கோபத்தில் கேட்கவில்லை. அம்மாவைத் தூக்கித் தூக்கி இடுப்பு நொந்துபோனவர் கேட்ட கேள்வி அது. இதையே வேறு விதமாகப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். "அந்தக் காலத்துல மனுசன் நல்லா இருந்தான், பொசுக்குன்னு போய்ச் சேர்ந்தான். இப்ப மருந்து கொடுத்து இழுத்துக்கிட்டுக் கெடக்க வைக்கிறாங்க" என்கிறார்கள். இது எவ்வளவு தூரம் சரி என்று கொஞ்சம் யோசிப்போம்.

அந்தக் காலம் எப்படி இருந்தது?

1940களின் நடுப்பகுதியில் இலங்கை மக்களின் சராசரி ஆயுள் 50 வயதைக்கூட எட்டவில்லை. இன்று அது 75 ஐத் தாண்டிவிட்டது. அப்படியென்றால் அன்று எல்லாரும் 50 வயதுக்குள் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. 70, 80 வயது வரை இருந்தவர்களும் உண்டு. ஆனால் பிறந்த சில நாட்களில் போன பிள்ளைகளும், பிரசவத்தில் போன தாய்மாரும் ஏராளம். அவர்களையும் சேர்த்துக் கணக்குப் போடும்போது சராசரி கீழே இறங்கிவிடுகிறது. 1934, 35 இல் வந்த மலேரியா மட்டும் நாட்டில் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோனது. நம் தோட்டங்களில் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சியது. இரத்தம் இல்லாமல் மூச்சு வாங்க வாங்க மலை ஏறியவர்கள் நம் முன்னோர்.

ஆகவே அந்தக் காலத்தில் எல்லாரும் நல்லா இருந்தார்கள் என்பது சரியில்லை. நல்லா இருந்து வயசானவர்களைத்தான் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். சின்ன வயதில் போனவர்களைச் சொல்ல ஆளில்லை.

கூடிய வருஷங்கள் எப்படிப்பட்டவை?

இதற்கும் கணக்கு இருக்கிறது. 2000 ஆம் ஆண்டிலிருந்து 2019 வரை, அதாவது கொரோனா வருவதற்கு முன்பு, உலக மக்களின் சராசரி ஆயுள் ஏறக்குறைய ஆறரை வருஷம் கூடியதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. அதே காலத்தில், நோய் நொடி, ஊனம் இல்லாமல் சுகமாக வாழும் காலம் ஐந்தரை வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகவே கூடியது.

இதில் இரண்டு உண்மை இருக்கிறது. கூடிய வருஷங்களில் பெரும்பகுதி நல்ல வருஷங்கள்தான். ஆனால் கடைசியில் வரும் நோய்க் காலமும் ஒரு வருஷம் போல நீண்டிருக்கிறது. ஆகவே அந்த மகன் சொன்னதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது.

குற்றம் மருந்திலா?

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். என் அப்பா ஸ்டோரில் வேலை செய்தவர். 58 வயதில் பிரஷர் இருப்பதாகக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் போட்டார். "தலைச்சுத்தல் நின்னு போச்சு, இனி எதுக்கு?" என்று விட்டுவிட்டார். அப்போது நான் இந்த உத்தியோகத்தில்தான் இருந்தேன். லயம் லயமாகப் போய் கிளினிக்குக்கு ஆள் சேர்த்த நான், சொந்த அப்பாவின் கிளினிக் கொப்பியை ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. ஒரு விடியக்காலை அவருக்கு வாய் கோணியது. அதற்குப் பிறகு நான்கு வருஷம் படுக்கையில் கிடந்துதான் இறந்தார்.

பிரஷர் வலிக்காது. அதுதான் அதன் ஆபத்து. இரத்தக் குழாய்களை உள்ளுக்குள்ளேயே கெடுத்துக்கொண்டு வரும். மாத்திரை பிரஷரை இறக்கி வைத்திருக்குமே தவிர, அடியோடு போக்கிவிடாது. நிறுத்தினால் திரும்ப ஏறும். அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டிய 4,700 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1991 இல் வெளியானது. மேல் பிரஷர் கூடியிருந்த அவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தும், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து போட்டவர்களிடம் பாரிசவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

அப்பா மாத்திரையை விடாமல் போட்டிருந்தால் வாதம் வந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. வரும் வாய்ப்பு குறைந்திருக்கும். ஆயுளைக் கூட்டும் அதே மருந்துதான் படுக்கையில் விழாமலும் காக்கிறது. நாம் அதைப் பாதியில் விட்டுவிட்டு, விழுந்த பிறகு வரும் மருந்தை மட்டும் முழுதாகக் கொடுக்கிறோம். பிறகு 'மருந்து இழுத்துக்கிட்டுக் கெடக்க வைக்குது' என்கிறோம்.

ஆயுளை ஒரு நாள்கூடக் கூட்டாமல் வாழ்க்கையை மட்டும் நல்லதாக்கும் வைத்தியமும் உண்டு. கண்ணில் வெள்ளை படர்ந்தவருக்குச் செய்யும் சத்திரசிகிச்சை அப்படிப்பட்டது. 1949 இல் இலண்டனில் ஹரல்ட் ரிட்லி என்ற வைத்தியர் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லை வைத்தார். இன்று அது சாதாரண காரியமாகிவிட்டது. "வயசாச்சு, கண்ணு தெரியாட்டி என்ன?" என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் தயவுசெய்து ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் காட்டுங்கள்.

மருந்துக்கும் ஒரு எல்லை உண்டு

மருந்து எப்போதும் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. குணப்படுத்த முடியாத நிலைக்கு வந்துவிட்ட ஒருவருக்கு, இன்னும் ஒரு ஊசி, இன்னும் ஒரு குழாய் என்று போட்டுக்கொண்டே போவது அவருக்கு வேதனையாகவும் முடியலாம். அப்போது "இதைச் செய்தால் அம்மாவுக்கு என்ன நன்மை? செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று வைத்தியரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது உங்கள் உரிமை.

நோயைத் தீர்க்க முடியாவிட்டாலும் வலியைக் குறைக்கலாம், மூச்சுத் திணறலைத் தணிக்கலாம், புண் வராமல் பார்க்கலாம். இதுவும் வைத்தியம்தான். 2010 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகர ஆராய்ச்சி ஒன்று வெளியானது. முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான வைத்தியத்தோடு இந்த ஆறுதல் பராமரிப்பையும் ஆரம்பத்திலேயே கொடுத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடச் சுகமாக இருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகள் அவர்களுக்குக் குறைவாகவே செய்யப்பட்டன. அப்படியிருந்தும் ஏறக்குறைய இரண்டரை மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

ஆகவே, நீண்ட ஆயுளும் நல்ல ஆயுளும் தராசின் இரண்டு தட்டு போல, ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும் என்று விதி இல்லை. தேயிலைச் செடி நூறு வருஷம்கூட நிற்கும். ஆனால் காலத்துக்குக் கவ்வாத்து வெட்டி, புல் எடுத்து, உரம் போட்டால்தான் கொழுந்து வரும். சும்மா விட்டால் மரமாக நிற்கும், அவ்வளவுதான்.

நாம் என்ன செய்யலாம்?

1. 40 வயதைத் தாண்டியவர்கள் சுகமாக இருந்தாலும் பிரஷரும் சீனியும் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்துவதாக இருந்தால் வைத்தியர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் பெற்றோரின் கிளினிக் கொப்பியை மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

2. உப்பைக் குறையுங்கள். வெற்றிலையோடு போயிலை போடுவதை விடுங்கள். வாயில் ஆறாத புண் இருந்தால் உடனே காட்டுங்கள்.

3. வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, "கொஞ்சம் படுத்தா சரியாயிரும்" என்று இருக்க வேண்டாம். அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

4. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இதுதான் வழி.

5. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் சேமலாப நிதிப் பணம் எடுக்கலாம். அது கையில் வந்ததும் முழுவதையும் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் 20, 25 வருஷம் வாழ வேண்டியிருக்கிறது.

6. வயசானவரிடமே கேளுங்கள். இதுதான் முக்கியம்.

அன்றைக்கு அந்த லயத்தில் மகனுக்குப் பதில் தெரியாமல், நான் பாட்டியின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன பாட்டி கஷ்டம்?" என்று கேட்டேன். சாவைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை. "தண்ணி குடிக்கவே பயமா இருக்குங்கய்யா. பகல்ல எல்லாரும் வேலைக்குப் போயிர்றாங்க. ஒண்ணுக்கு வந்தா யாரைக் கூப்பிடுறது?" என்றார்.

தாகத்தை அடக்கிக்கொண்டு அவர் இருந்தது அது வரைக்கும் மகனுக்கே தெரியாது. தோட்டத்துத் தச்சு பாஸ் ஒரு பழைய கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டி, கீழே வாளி வைத்துக் கொடுத்தார். காலையில் மருமகள் உட்கார வைத்துவிட்டுத்தான் மலைக்குப் போகிறார். பகலில் பக்கத்துக் காம்பராவில் வேலை ஓய்ந்த ஒரு அம்மா இரண்டு தடவை வந்து பார்த்துக்கொள்கிறார். இப்போது பாட்டி தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறார். பிளேன்டீயும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். பையில் இருக்கும் மருந்து அதே மருந்துதான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, போய் ஒரு வார்த்தை கேளுங்கள்.