உங்களுக்குத் தெரியுமா? ஜெர்மனியின் முதல் எரியூட்டு மண்டபம்!

ஜெர்மனியின் முதல் நவீன எரியூட்டு மண்டபம் கோத்தா நகரில் 1878 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. அதில் முதலில் எரியூட்டப்பட்டவர் கார்ல் ஹைன்ரிஷ் ஷ்டியர் என்ற பொறியாளர்.

வெளியே பழங்கிரேக்கச் சாயலில் அமைதியான கட்டடம். உள்ளே அன்றைய புதுமையான ஃப்ரீட்ரிஷ் சீமன்ஸின் உலை. விறகு அடுக்கும் வேலையே இல்லை. முன்கூட்டியே பழுக்கக் காய்ச்சிய செங்கற்களின் வழியே வரும் கடுஞ்சூட்டுக் காற்றே உடலைச் சாம்பலாக்கியது. பழமையின் அழகும் தொழில்நுட்பமும் இப்படி இணைந்தது அருமை!

கோத்தா பிரபு இரண்டாம் எர்ன்ஸ்ட் எரியூட்டலுக்கு அனுமதி கொடுத்தார். பக்கத்துப் பிரஷ்யாவோ 1911 வரை எரியூட்டலை அனுமதிக்கவில்லை. அதனால் வெளியூர்களிலிருந்தும் உடல்கள் கோத்தாவுக்கு வந்தன. 1905இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பெர்த்தா ஃபான் சுட்னரின் அஸ்தி இன்றும் இங்கேதான் இருக்கிறது.